தோல்பாவைகளுக்கு ஒரு கூடம்: கண்காட்சி நாட்குறிப்பு

2025 ஜூன் 9, திங்கள்

நாகர்கோவிலில் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்கிறது. எங்கள் கலை மையத்தின் சேகரிப்பறையில் ஈரப்பதம் காலையிலேயே 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. தோல்பாவைகளுக்கு 50 விழுக்காட்டை ஒட்டி இருப்பதே நல்லது. ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும்படி மெலிதாகச் சுரண்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டிச் செய்யப்படும் பாவை, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஓரங்களில் சுருளத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில் இந்த வேலைக்கு ஓய்வே இல்லை. எல்லாப் பாவைகளையும் அமிலமில்லாத தாள்களுக்கு இடையே படுக்கவைத்து, பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை மாற்றினோம்.

ஜூன் 12, வியாழன்

கண்காட்சியில் எவற்றை வைப்பது என்ற பேச்சு இன்று முடிந்தது. வில்லிசைக்குரிய வில், குடம், உடுக்கை, வீசுகோல் ஆகியவை ஒரு பக்கம் இருக்கும். 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த லேஸ் பின்னலின் மாதிரிகள் மறுபக்கம் இருக்கும். நடுக்கூடம் முழுவதும் பாவைகளுக்கு.

ஜூன் 17, செவ்வாய்

பாவைக்கூத்து நடத்தும் முதியவர் ஒருவர் வந்திருந்தார். இம்மாவட்டத்தில் இக்கலையை வழிவழியாகக் காத்துவருபவர்கள் வீட்டில் மராட்டி பேசும் மண்டிகர். அவரும் அந்த மரபைச் சேர்ந்தவர். சுவரில் ஆணியடித்து நாங்கள் தொங்கவிட்டிருந்த இராமனைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "பின்னால வெளக்கு இல்லாம இத எப்படி மக்கா காட்டப் போறிய?" என்று கேட்டார். பிறகு தாம் கொண்டுவந்த வேட்டியை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டி, ஒரு பல்பை எரியவிட்டு, அதே பாவையைத் திரையில் அழுத்திப் பிடித்தார். முன்னிருந்து பார்க்கையில் மங்கிக் கிடந்த சிவப்பும் பச்சையும் ஒளி ஊடுருவியதும் கண்ணாடிபோல் சுடர்ந்தன. கிரீடத்தில் வெறும் ஓட்டைகளாகத் தெரிந்தவை மணிகளாயின. பாலக்காட்டுப் பகுதிக் கோயில்களில் கம்பனின் பாடல்களோடு நடக்கும் பாவைக்கூத்தில் ஒளி புகாத மான்தோல் பாவைகளின் கரிய நிழலே திரையில் விழும். நம் பக்கத்துப் பாவைகளுக்கு நிறமே உயிர் என்பதை இன்று கண்ணால் கண்டேன்.

அதன்பின் கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்கு வந்தார்கள். பாவையை ஆட்டுவதும் பாடுவதும் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பதும் அவர் ஒருவரே. அந்த இரு கோமாளிகளுக்கும் அவர் எடுத்த குரலைக் கேட்டு அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். எங்கள் பதிவேட்டில் உளுவத்தலையனுக்கு நீளம், அகலம், வண்ணம், சேதம் ஆகிய நான்கு கட்டங்கள்தான் இருந்தன. "பாட்டா, இவற்றை வெட்டியது யார்?" என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து, இது அப்பா வெட்டியது, இது மாமா வெட்டியது என்று கண்ணின் வளைவையும் துளைகளின் வரிசையையும் காட்டியே சொன்னார்.

ஜூன் 24, செவ்வாய்

பின்னொளியால்தான் பாவை வாழ்கிறது; ஆனால் அதே ஒளி அதன் வண்ணத்தைத் தின்கிறது. வண்ணந்தீட்டிய தோலுக்கு 50 லக்ஸுக்கு மேல் ஒளி கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. ஒருமுறை வெளுத்த நிறம் மீளாது. பத்மநாபபுரம் அரண்மனையிலும் கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்திலும் கல்லையும் செம்பையும் பார்த்துப் பழகிய மாணவர்கள், அரையிருட்டில் ஒரு கூடத்தை ஏற்பார்களா என்று சிலர் ஐயுற்றனர். ஏற்பார்கள் என்பதே என் நம்பிக்கை. கூத்து இரவில்தானே நடக்கிறது. பார்வையாளர் பொத்தானை அழுத்தினால் மட்டும் சிறிது நேரம் எரியும் எல்இடி விளக்குகளைப் பொருத்துவதென்றும், பாவைகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றி வைப்பதென்றும் தீர்மானித்தோம்.

ஜூலை 5, சனி

கண்காட்சி திறந்தது. மாலையில் கூத்தும் நடந்தது.

ஜூலை 8, செவ்வாய்

அன்பர் ஒருவர், பெரியவரின் பெட்டியிலுள்ள பாவைகள் அனைத்தையும் விலைக்கு வாங்கி மையத்துக்குத் தர முன்வந்தார். நல்லெண்ணத்தோடு சொன்ன அந்த யோசனையை நான் கடுமையாக எதிர்த்தேன். கூத்துக்காரரின் பெட்டியில் ஒவ்வொரு பாவைக்கும் ஒரு காட்சி உண்டு. முடிசூடிய இராமன் வேறு, மரவுரி உடுத்த இராமன் வேறு. அசோகவனத்துச் சீதையை நாம் வாங்கிப் பூட்டிவைத்தால், அடுத்த ஊரில் அனுமன் கணையாழியை யாரிடம் கொடுப்பான்? ஆடிக்கொண்டிருக்கும் பாவையை ஆட்டத்திலிருந்து பிரித்து எடுப்பதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூத்தில் பயன்படுத்த முடியாதபடி கிழிந்தவற்றை அவர்கள் விரும்பிக் கொடுத்தால் பெற்றுக்கொள்ளலாம். மற்றவற்றை இரவல் வாங்கிக் காட்டித் திருப்பிக் கொடுக்கலாம்.

நீண்ட பேச்சுக்குப் பின் குழு இதை ஒப்புக்கொண்டது. தாம் தரும் பணத்தைப் புதிய பாவைகளுக்கு முன்பணமாகக் கொடுக்கலாம் என்றார் அன்பர். பெரியவரும் அவர் மகனும் செய்வார்கள், அந்த வேலையை நாங்கள் தொடக்கம் முதல் ஒளிப்பதிவு செய்வோம். பதிவேட்டில் வெட்டியவர், காட்சி, குரல் என்று மூன்று கட்டங்களை இன்றே சேர்த்துவிட்டேன். குரலைப் பதிவு செய்ய வெள்ளிக்கிழமை காலை பெரியவர் வருகிறார்.