பாதக்குறடு அணிந்த துறவிகள்: வாசிப்புக் குறிப்புகள்

செப்டம்பர் 28
பிரான்சிஸ் அசிசியார் இறந்து நூறு ஆண்டு முடியவில்லை. அதற்குள் அவர் சபைத் துறவிகள் நால்வரை 1318 மே 7 அன்று மார்செய் நகரில் எரித்துவிட்டார்கள். தானியக் களஞ்சியமும் திராட்சை ரசம் சேர்க்கும் நிலவறையும் மடத்துக்கு ஆகாது, குட்டையான கந்தல் அங்கியை விடமாட்டோம் என்று நின்றவர்கள். கீழ்ப்படியச் சொன்னார் பாப்பரசர் 22ஆம் யோவான். மறுத்தார்கள், மாண்டார்கள். கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் உடைமை எதுவும் வைத்திருக்கவில்லை என்று சாதிப்பதே தப்பறை (திருச்சபை போதனைக்கு முரணான கொள்கை) என 1323இல் அவர் தீர்ப்பும் எழுதினார். அதை ஏற்காமல் இத்தாலியில் ஒளிந்து வாழ்ந்தவர்கள்தான் ஃபிராத்திசெல்லிகள்.

அக்டோபர் 1
இத்தாலியின் ஃபொலிஞோ நகருக்குப் பக்கத்து மலையில் புருலியானோ மடம். சதுப்பு, பாம்பு. பாம்புக்கடிக்குப் பயந்து அங்கிருந்த துறவிகள் மரத்தாலான பாதக்குறடு போட்டுக்கொண்டார்கள்; பிறகு அதுவே அவர்கள் அடையாளமாயிற்று. 1368இல் பாவோலுச்சோ திரின்சி அங்கே குடியேறினார். குருப்பட்டம் பெறாத சகோதரர். ஒழுங்கை அப்படியே கடைப்பிடிக்கும் சீர்திருத்த இயக்கம் இங்கிருந்து வளர்ந்தது. இதற்கு முன்பு ஜென்திலே என்பவர் தொடங்கிய முயற்சி, ஃபிராத்திசெல்லிகளுக்கு இடம் கொடுத்ததாகப் பழி வந்து 1355இல் ஒடுக்கப்பட்டது. பாவோலுச்சோ அந்தக் கத்திமுனையில்தான் நடந்தார். எரிக்கப்பட்டவர்கள் கேட்ட அதே ஏழ்மையைத்தான் இவரும் கேட்டார். ஆனால் அனுமதி வாங்கிக்கொண்டு கேட்டார்.

அக்டோபர் 2
பெருஜாவில் ஃபிராத்திசெல்லிகள், சொகுசாக வாழ்ந்த பிரான்சிஸ்கன்களைத் தெருவில் வைத்துக் கேலி செய்தார்களாம். வாயடைக்கப் பாவோலுச்சோவை வரவழைத்தார்கள். கந்தலுக்குக் கந்தலே பதில். நகருக்கு வெளியே மலைமேல் இருந்த மடம் அவருக்குக் கிடைத்தது. தப்பறையை எதிர்க்கச் சீர்திருத்தத் துறவிகள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம்.

அக்டோபர் 7
பாவோலுச்சோவின் இயக்கத்தில் சேர்ந்த பிரசங்கியார் சியேனா பெர்னார்தீன், சூரியக் கதிர்களின் நடுவே இயேசுவின் திருப்பெயர் எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டிப் பிரசங்கிப்பார். சனம் முழந்தாளிடும். சிலை வழிபாடு, தப்பறை என்று குற்றம் சாட்டி ரோமுக்கு இழுத்தார்கள். பாப்பரசர் 5ஆம் மார்ட்டின் விடுவித்தார். இறந்து ஆறே ஆண்டில், 1450இல், புனிதர் பட்டம்!

அக்டோபர் 12
பெர்னார்தீனுக்காக வாதாடியவர் அதே இயக்கத்துத் துறவி கபிஸ்திரானோ யோவான். சட்டம் படித்து நீதிபதியாக இருந்தவர். 1451இல், பொஹீமியாவில் தப்பறைக்காக எரிக்கப்பட்ட குரு யான் ஹுஸ் வழிவந்தவர்களை மனந்திருப்ப ஆல்ப்ஸ் தாண்டி அனுப்பப்பட்டார். குருக்களுக்கு மட்டுமன்றிப் பொதுநிலையினருக்கும் திருப்பலியில் திருக்கிண்ணத்து இரசம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. திருச்சபைத் தலைவர்கள் கூடிய பாசல் பொதுச்சங்கத்தோடு 1436இல் அதற்கு உடன்பாடே ஆகியிருந்தது. யோவான் அந்தச் சமரசத்தை மதிக்கவில்லை. இலத்தீனில் பேசுவார், பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்ப்பார். ப்ராக் நகர் அவரை உள்ளே விடவே இல்லை.

1453, இன்றைய போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப். நற்கருணை அப்பத்தை அவமதித்தார்கள் என்ற பொய்ப்பழியில் 41 யூதர்கள் எரிக்கப்பட்டார்கள். அந்த விசாரணையில் முன்னின்றவர் இவர். துருக்கியர் நடத்திய பெல்கிரேடு முற்றுகையில் இவர் காட்டிய வீரத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் வரலாறுகள் இதை ஒரு வரியில் கடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் எழுப்பிய மறையுரைக் கனலும் இந்தத் தீயும் ஒரே கையிலிருந்து வந்தவை.

அக்டோபர் 14
மார்க்கே யாக்கோபு, அதே இயக்கத்துத் துறவி; ஃபிராத்திசெல்லிகளை விசாரித்தவர். 1462 உயிர்ப்புக் காலத்தில் பிரெஷாவில் கிறிஸ்துவின் இரத்தம் பற்றி அவர் ஆற்றிய உரையைத் தப்பறை என்றார் தொமினிக்கன் துறவற சபையைச் சேர்ந்த ஒரு விசாரணையாளர். இரு சபைகளும் பாப்பரசர் 2ஆம் பயஸ் முன்னிலையில் வாதாடின. முடிவு சொல்லாமல், இனி யாரும் இதைப் பேசக்கூடாது என்று 1464இல் உத்தரவிட்டார். யாக்கோபு தப்பினார். அவர் விசாரித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.