அட்டைல இருக்கற பொண்ணு படத்துல வரமாட்டா

2001-ல நான் மொதல்ல சேர்ந்த வேலை மும்பை லேமிங்டன் ரோட்டுல, நாஸ் கட்டடத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளி, மூணாவது மாடில ஒரு ரூம். அந்த ஏரியாவே படம் வாங்கி விக்கற ஆளுங்க ஏரியா. தாராவிலேர்ந்து நடந்து சயான் ஸ்டேஷன், தாதர்ல எறங்கி வெஸ்டர்ன் லைன் மாறி, கிராண்ட் ரோடு. வீட்ல என்ன வேலைன்னு கேட்டாங்க, கம்ப்யூட்டர் டிசைன்னு சொன்னேன், பொய்யில்ல. விசிடி கவர் டிசைன். காலைல முருகர் பாட்டு விசிடிக்குக் கவர் பண்ணுவேன், மத்தியானம் அதே மெஷின்ல, சில சமயம் அதே ரோஸ் கலர் பேக்ரவுண்ட வெச்சே, பழைய ஏ படத்துக்குக் கவர். அம்மாகிட்ட முருகர் மட்டும்தான் போனாரு.

பழைய ஏ படம்னா பெரும்பாலும் எழுபதுகள் கடைசிலேர்ந்து வந்த மலையாளப் படங்கள், ஹிந்தில டப் பண்ணி வடக்க ஓட்டுனது. 1978-ல ஐ.வி.சசி எடுத்த அவளுடெ ராவுகள், சீமா நடிச்சது, அது ஹிந்தில ஹெர் நைட்ஸ்னு போய் நல்லா ஓடிச்சு. ஒரு பாலியல் தொழிலாளியோட கதைய ஒழுங்கா சொன்ன படம் அது, ஆனா வெளிய நின்ன பேரு வேற. அதுக்கப்பறம் ஏ சர்டிபிகேட் வாங்குன மலையாளப் படம்னாலே டப் பண்ணி ராத்திரி, ஜவானி (இளமை), பியாஸ் (தாகம்)னு ஏதாவது ஒரு வார்த்தைய டைட்டில்ல சொருகி விக்கலாம்னு ஆயிடுச்சு, உள்ள பாத்தா பாதிப் படம் குடும்பக் கதையா இருக்கும்.

எங்க சேட்டுக்குப் படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அவர் கைக்கு வர்றது ஒரு மாஸ்டர் டேப், ரைட்ஸ் பேப்பர், சென்சார் சர்டிபிகேட் ஜெராக்ஸ், அவ்வளவுதான். ஸ்டில் வராது. எடுத்தவர் எங்கயோ, ஸ்டில் போட்டோகிராபர் எங்கயோ, நெகட்டிவ் எந்தப் பரண்லயோ. "டேப்லேர்ந்து எடுத்துக்கோ"ன்னு சேட் சொல்வாரு. எடுக்கலாம்தான், இங்கதான் சிக்கலே. விசிடி படம் 352க்கு 288 பிக்சல். பிரஸ்ல 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கேப்பான். கணக்குப் போட்டா அகலம் மூணு சென்டிமீட்டர் வரும். கவர் பன்னெண்டு சென்டிமீட்டர். நாலு மடங்கு இழுத்தா மூஞ்சி மூஞ்சியாவே இருக்காது, இட்லி மேல கண்ணு மூக்கு வெச்ச மாதிரி ஆயிடும். அட்டைல பொய் சொல்றாங்கன்னு எல்லாரும் திட்டுவாங்க, சரிதான், சேட்டும் ஒண்ணும் உத்தமர் இல்ல, ஆனா நான் உக்காந்த சீட்லேர்ந்து பாத்தா பாதிப் பொய்க்குக் காரணம் இந்த மூணு சென்டிமீட்டர்.

அதனால ஃபாரின் மேகசின். கட்டா பழைய மேகசின் வாங்கி வெச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணணும். அச்சடிச்ச படத்த ஸ்கேன் பண்ணா புள்ளி புள்ளியா வரும், அத மறைக்க ஃபோட்டோஷாப்ல ப்ளர் போடணும். அந்தக் காலத்து விசிடி கவர்ல பொண்ணுங்க தோலு மெழுகு பொம்மை மாதிரி இருக்கும்ல, அது அழகுக்காக யாரும் பண்ணல, புள்ளிய மறைக்கப் பண்ணது. கை விரல் ஒழுங்கா கட் ஆகலன்னா அது மேல டைட்டில வெச்சு மூடிருவேன். நான் பண்ண கவர்ல முக்காவாசிப் பேருக்கு எடது கை கிடையாது.

ஒரு படம் ஞாபகம் இருக்கு, பேர் வேணாம். கயிறு திரிக்கற ஒரு ஊர், அங்க ஒரு விதவைப் பொண்ணு, படம் முழுக்க வெள்ளைச் சேலை. நான் போட்ட அட்டைல நீச்சல் குளம், பக்கத்துல மஞ்ச முடி வெள்ளைக்காரி. ஒரு மாசம் கழிச்சு தாராவி தொண்ணூறடி ரோட்டுல வீடியோ லைப்ரரி வெச்சிருந்த திருநவேலி அண்ணாச்சி ஒருத்தர் தெருவுல என்னப் பாத்துப் புடிச்சிட்டாரு. "ஏலே தம்பி, இது நீ செஞ்சதுதான? வாடகைக்கு எடுத்துட்டுப் போன பய வந்து என்கிட்ட சண்டை போடுதான். அட்டையில நிக்கிற வெள்ளைக்காரி எங்கன்னு கேக்கான், நான் எங்கலே போவேன்?" நான் பேசாம நின்னேன். அவரே விட்டுட்டு, "ஆனா படம் நல்லாருக்குலே. அந்தப் பிள்ளை கடைசியில கெணத்தடியில தனியா நிக்கும்லா, அதப் போட்டிருக்கலாம்லா"ன்னாரு.

நான் அந்த எடத்தப் பாத்ததே இல்ல. கவர் பண்றவன் படம் பாக்கறதெல்லாம் கிடையாது, ஒரு நாளைக்கு மூணு கவர் போகணும். மறுநாள் ஆபீஸ்ல டேப்ப ஓட்டிப் பாத்தேன். கெணத்தடி, வெள்ளைச் சேலை, பின்னாடி சாயங்கால வெளிச்சம், அண்ணாச்சி சொன்னது சரிதான். ரெண்டாவது லாட் அச்சடிக்கறப்ப அந்த ஃப்ரேம பின்னட்டைல ஸ்டாம்ப் சைஸ்ல ஓரமா வெச்சேன், சேட் கவனிக்கல. முன்னட்டைல வெள்ளைக்காரி அப்படியேதான் இருந்தா.

2007-ல மோசர் பேர்ங்கற பெரிய டிஸ்க் கம்பெனி வந்து விசிடிய 28 ரூபாய்க்குக் குடுக்க ஆரம்பிச்சதும் சேட்டு மாதிரி சின்ன ஆளுங்களால நிக்க முடியல. நடுவுல கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ் பேனர்னு என்னென்னவோ பண்ணேன், அத விடுங்க. 2014-ல அந்தேரில பழைய படத்த சுத்தம் பண்ற கம்பெனில நைட் ஷிப்ட் கெடச்சுது. ஃபாரின்லேர்ந்து ஸ்கேன் பண்ண ஃபைல் வரும், நாங்க ஃப்ரேம் ஃப்ரேமா தூசி, கீறல், ஒட்டுன எடத்து பசைக் கறை எல்லாத்தையும் எடுக்கணும். அசிடேட் ஃபிலிம் அழுக ஆரம்பிச்சா காடி வாசனை அடிக்கும், அதுக்கு வினிகர் சிண்ட்ரோம்னு பேரு, அந்தப் பேர்லயே 2012-ல அமெரிக்கால ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, எழுபதுகள்ல தியேட்டர்ல ஓடுன அடல்ட் படங்களயெல்லாம் நெகட்டிவ்லேர்ந்து எடுத்து வெளியிட்டாங்க. அந்த மாதிரிப் படம் ஒண்ணு வேற ஒரு ஆளுங்ககிட்டேர்ந்து எங்களுக்கு வந்துச்சு. சுத்தி சுத்தி அதே சரக்கு!

எந்தப் படம்னு தெரியறதுக்காக பழைய விஎச்எஸ் வீடியோ கேசட் டப்பா அட்டைய ஸ்கேன் பண்ணி அனுப்பியிருந்தாங்க. பாத்த ஒடனே சிரிப்பு வந்துருச்சு. படம் எழுபதுகள் நடுவுல எடுத்தது, எல்லாரும் பெல்பாட்டம். அட்டைல இருக்கற பொண்ணுக்கு எண்பதுகள் கடைசி முடி, ஸ்ப்ரே அடிச்சு ஒரு முழம் நிக்குது. மூஞ்சில வெளிச்சம் எடது பக்கம், பின்னாடி செவுத்துல வலது பக்கம். முடி ஓரத்த கத்திரிக்கோல்ல வெட்டி ஒட்டுன தடம் தெரியுது. எடது கை டைட்டிலுக்குக் கீழ. எங்கயோ கடல் தாண்டி நம்மள மாதிரி ஒருத்தன் பதினொரு மணிக்கு டெலிவரி குடுக்கணும்னு உக்காந்து பண்ணிருக்கான்.

அங்கயும் கதை ஒண்ணுதான். எழுபதுகள்ல 35 எம்எம்ல எடுத்து தியேட்டர்ல ஓட்டுன படம், எண்பதுகள்ல டேப்புக்கு வருது, ரைட்ஸ் கை மாறி கை மாறிப் போகுது, ஸ்டில் தொலைஞ்சு போகுது, வாங்குனவனுக்கு அன்னைக்கு மார்க்கெட்ல இருக்கற மூஞ்சி வேணும். இல்லன்னா பின்னாடி பெரிய பேர் வாங்குன நடிகை ஒரு சீன்ல வந்திருப்பா, அட்டை முழுக்க அவதான். துண்டு துண்டு படத்த சேத்து ஒட்டி புதுப் பேர் வெச்சு விக்கறதும் உண்டு. வருஷம் மட்டும் எங்கயும் இருக்காது, பழசுன்னு தெரிஞ்சிடக் கூடாதுல்ல. இதுக்கு நேர் எதிரா ஒரு கதையும் அங்க உண்டு. 1972-ல வந்த பிஹைண்ட் த கிரீன் டோர்ங்கற அடல்ட் படத்து நாயகி மெரிலின் சேம்பர்ஸ், குழந்தையத் தூக்கி வெச்சிருக்கற தாயா ஐவரி ஸ்னோ சோப்புத்தூள் டப்பால இருந்தவங்க. எடுத்தவங்க அதையே விளம்பரமாக்கிட்டாங்க, சோப்புக் கம்பெனி டப்பாவ மாத்திருச்சு. பாருங்க, அங்க சோப்பு அட்டைல நெஜ ஆள் இருந்திருக்கு.

எங்களுக்கு வந்த அட்டைல நெஜமா இருந்தது ஒரே வரி. நடிக்கறவங்க வயசுக்கு ரெக்கார்ட் வெச்சிருக்கணும்னு 1988-ல அங்க சட்டம் வந்துச்சு, அதுக்கான விதி கடைசில 1995 ஜூலை 3-லேர்ந்துதான் அமலுக்கு வந்துச்சு, அதனால பழைய படத்து டப்பால, இது அந்தத் தேதிக்கு முன்ன எடுத்ததுன்னு எறும்பு சைஸ் எழுத்துல போட்டிருப்பாங்க. நம்ம விசிடில சென்சார் நம்பர் மாதிரி. வக்கீல் எழுதுன வரி மட்டும் உண்மை.

படம் 82 நிமிஷம், 1,18,080 ஃப்ரேம். என் பங்குக்கு வந்த ரீல்ல அந்த சமாச்சாரமே கம்மி, நாயகி சமையல்கட்டுல காபி போடறா, ஜன்னலண்ட நிக்கறா, யாருக்கோ போன் பண்றா. சவுண்ட் இல்லாம மூணு வாரம் அவளத்தான் பாத்துட்டு இருந்தேன். வலது குதிங்கால்ல ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தா, புதுச் செருப்பு கடிச்சிருக்கும். ஒரு ஷாட்ல இருக்கும், அடுத்ததுல இருக்காது, மறுபடி வரும். பக்கத்து சீட்டுப் பையன் நாக்பூர்க்காரன், புதுசு, அத அழுக்குன்னு நெனச்சு பன்னெண்டு ஃப்ரேம்ல பெயின்ட் அடிச்சு அழிச்சிட்டான். டேய் அது தூசி இல்லடா, கால்ல ஒட்டுன பிளாஸ்திரின்னேன். கிளையண்ட் கண்டுபுடிக்கவா போறான்னு கேட்டான். பன்னெண்டையும் திருப்பி ஒட்ட வெச்சேன், அன்னைக்கு எனக்கு ஏன் அவ்வளவு கோவம் வந்துச்சோ.

வேலை முடிஞ்சதும் புது டிஸ்க் அட்டைக்கு பத்து ஸ்டில் எடுத்து அனுப்பச் சொன்னாங்க. 2கே ஸ்கேன், அகலம் 2048 பிக்சல், 300 டிபிஐல பதினேழு சென்டிமீட்டர் வருது, ப்ளூரே முன்னட்டை பதிமூணுதான். ஆக இந்தத் தடவ அந்தச் சாக்குக்கு எடமே இல்ல. காபி போடற ஷாட்ட மொதல்ல வெச்சு அனுப்பினேன், குதிங்கால் நல்லாத் தெரியற ஃப்ரேமாப் பாத்து.

அஞ்சாறு மாசம் கழிச்சு ஆபீஸுக்கு ஒரு டிஸ்க் வந்துச்சு. முன்னட்டைல ஆர்ட்டிஸ்ட வெச்சு பளபளன்னு புதுசா வரைஞ்சிருந்தாங்க, படத்துல எங்கயும் இல்லாத ஒரு செவப்பு கவுனு, முடி மட்டும் எழுபதுகள் முடி, அந்த வரைக்கும் பரவால்ல. திருப்பிப் பாத்தேன். காபி ஷாட் இருந்துச்சு, கீழ் ஓரத்துல. மேசைல கெடந்த ஸ்கேல எடுத்து வெச்சுப் பாத்தேன், மூணு சென்டிமீட்டர் கூட இல்ல, குதிங்கால் கட் ஆயிருந்துச்சு.