டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு திண்ணை

2008 ஜூலையில் அப்பாவும் அம்மாவும் முதல்முறை அமெரிக்கா வந்தபோது, நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நாங்கள் இருந்தது பதினொரு நிமிடம். இது அப்பாவின் கணக்கு. திருச்சியில் ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். எங்கே போனாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்வார்.

அதற்கு மேல் இருக்க முடியாமல் போனது அம்மாவின் முழங்காலால். நியூஜெர்சியிலிருந்து பஸ்ஸில் வந்து, போர்ட் அதாரிட்டி நிலையத்தில் இறங்கி, 42ஆம் தெருவில் கொஞ்ச தூரம் நடந்ததற்கே வலி எடுத்துவிட்டது. "எங்கயாவது ரெண்டு நிமிஷம் உக்காரணும்மா" என்றாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தலைக்கு மேல் அத்தனை விளம்பரப் பலகைகள், கீழே ஒரு பெஞ்சு கிடையாது. உட்கார வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கடைக்குள் போய்க் காசு கொடுத்து எதையாவது வாங்க வேண்டும். அம்மா ஒரு செய்தித்தாள் பெட்டியில் கையை ஊன்றி நின்றாள். பின்னாலிருந்து வந்த கூட்டம் எங்களை நடைபாதை விளிம்புக்கே தள்ளியது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பிவிட்டோம்.

அந்தச் சதுக்கத்தைத் தினமும் கடந்துதான் நான் ஆபீஸ் போவேன். எங்களைப் போன்றவர்கள் நடைபாதையில் நடப்பதையே விட்டிருந்தோம். டாக்ஸிகளுக்குப் பக்கத்தில் ரோட்டில் இறங்கி வேகமாக நடப்போம். ஒருமுறை ஒரு வேனின் பக்கக் கண்ணாடி என் கைப்பையைத் தட்டிவிட்டுப் போனது. அரை அடி தள்ளி நடந்திருந்தால் என் முழங்கைதான். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் நடந்து போகிறவர்கள். இடத்தில் பெரும்பகுதியோ வண்டிகளுக்கு. இதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை, நானும்தான். ஊர் என்றால் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

2009 மே 24, ஞாயிற்றுக்கிழமை. சதுக்கத்தின் ஊடே போகும் பிராட்வே சாலையை 42ஆம் தெருவிலிருந்து 47ஆம் தெரு வரை வண்டிகளுக்கு மூடினார்கள். மேயர் புளூம்பெர்க் காலம். போக்குவரத்துத் துறை ஆணையர் ஜேனெட் சாதிக்-கான் முன்னின்று செய்தது. சோதனையாகச் செய்து பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் திரும்பத் திறந்துவிடலாம் என்ற ஏற்பாடு. பெயிண்ட், தடுப்புப் பீப்பாய்கள், அவ்வளவுதான் செலவு. முறையான மேசை நாற்காலி அதற்குள் வந்து சேரவில்லை. அதனால் சதுக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் அமைப்பான டைம்ஸ் ஸ்கொயர் அலையன்ஸ்காரர்கள் புரூக்ளினில் ஒரு ஹார்டுவேர் கடையிலிருந்து 376 மடக்கு நாற்காலிகள் வாங்கிப் போட்டார்கள். புல்தரையிலும் கடற்கரையிலும் போடுவார்களே, அந்த மலிவான நாற்காலிகள்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவோடு போனேன். பிராட்வேயின் நட்டநடுவில், வண்டிக்கோடு இன்னும் அழியாத தாரின் மேல், ஒரு பச்சை நாற்காலியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். இரண்டு வருடமாக ஓடிக் கடந்த இடம். நிமிர்ந்து பார்த்தால் இரு பக்கமும் கட்டடங்கள் விலகி நிற்க, நடுவில் எத்தனை பெரிய வானம் இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நாற்காலி அசிங்கமாக இருக்கிறது என்று நிறைய பேர் குறை சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அம்மா ஞாபகம்தான் வந்தது.

அன்று இரவு போனில் சொன்னபோது அப்பாவுக்கு நாற்காலியில் அக்கறை இல்லை. "ரோட்டை மூடினா டிராஃபிக் என்ன ஆகும்?" என்றார். வரைபடத்தை வைத்துக்கொண்டு விளக்கினேன். சதுக்கம் இருக்கும் மன்ஹாட்டன் பகுதியின் கட்டம் கட்டமான தெருக்கள் 1811இல் போட்ட திட்டம். பிராட்வே அதற்கும் முந்தைய வழி. அதன் தென்பகுதி பூர்வகுடிகள் நடந்துபோன தடம். அது கட்டத்துக்கு அடங்காமல் குறுக்காக வந்து, ஒரு குறுக்குத் தெருவும் சேரும் இடத்தில் ஏழாம் அவென்யூவை வெட்டுகிறது. பெயர்தான் சதுக்கம், உருவத்தில் எதிரெதிராக வைத்த இரண்டு முக்கோணம். அப்பா பாதியிலேயே நிறுத்தினார். "மூணு லைன் ஒரே இடத்துல வெட்டுது. ஒண்ணுக்குப் பச்சை கொடுத்தா ரெண்டு நிக்கணும். ஒரு லைனை எடுத்துட்டா மிச்ச ரெண்டுக்கும் பச்சை கூடும்ல?" திட்டத்தின் அடிப்படையே அதுதான். அதற்கு அவர்கள் வைத்த பெயரிலேயே பச்சை விளக்கு இருந்தது. திருச்சியில் இருந்துகொண்டு அரை நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

2010 பிப்ரவரியில் கணக்கு வந்தது. டாக்ஸிகளின் ஜிபிஎஸ் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பகுதியில் வடக்கே போகும் டாக்ஸிப் பயணங்களின் வேகம் 17 சதவீதம் கூடியிருந்தது, தெற்கே போவது 2 சதவீதம் குறைந்திருந்தது. காயமடைந்த பாதசாரிகள் 35 சதவீதம் குறைவு. வண்டிகளுக்குள் இருந்தவர்களில் காயமடைந்தவர்கள் 63 சதவீதம் குறைவு. நான் மனதில் வைத்துக்கொண்டது இந்தக் காய எண்ணிக்கையைத்தான். புளூம்பெர்க் ஏற்பாட்டை நிரந்தரமாக்கினார்.

அப்புறம் 2015இல் எல்லாம் போய்விடும் போல ஆனது. பொம்மை வேடமிட்டவர்களும், உடம்பில் பெயிண்ட் பூசிய பெண்களும் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காசு கேட்கிறார்கள் என்று புகார். போலீஸ் கமிஷனர் பிராட்டன், தோண்டியெடுத்துவிட்டு ரோட்டையே திரும்பப் போடலாம் என்றார். மேயர் டி பிளாசியோவும் யோசிக்கலாம் என்கிற மாதிரி பேசினார். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அந்த வேடக்காரர்கள் தொந்தரவுதான், என் தோளிலும் கை போட்டிருக்கிறார்கள். அதற்காக லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் இடத்தைப் பிடுங்குவதா? நகராட்சி மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாழ்நாளில் நான் அரசாங்கத்துக்கு எழுதிய ஒரே கடிதம். நல்லவேளை, 2016இல் விதி கொண்டுவந்து, தரையில் வண்ணக் கட்டங்கள் வரைந்து, காசு கேட்பவர்கள் அதற்குள்தான் நிற்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

இதற்கிடையே நிரந்தர வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஸ்னோஹெட்டா என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. தெருவைத் தோண்டி, அடியில் கிடந்த குழாய்களையும் கம்பிகளையும் சரிசெய்து, மேலே கருஞ்சாம்பல் கான்கிரீட் பாளங்கள் பதித்தார்கள். நடைபாதைக்கும் பழைய ரோட்டுக்கும் நடுவே இருந்த படி போய், எல்லாம் ஒரே மட்டம். பாளங்களில் காசு அளவுக்கு எஃகு வட்டங்கள் பதித்திருப்பதால், இரவில் பலகைகளின் வெளிச்சம் காலடியிலும் மினுங்கும். நடுவே பத்து கருங்கல் பெஞ்சுகள், நீளமானது ஐம்பது அடி. பல வருடம் வேலி, இரைச்சல், தூசி. 2017 ஏப்ரலில் முறைப்படி திறந்தார்கள்.

2018 செப்டம்பரில் அப்பா அம்மாவை மறுபடி அழைத்துப்போனேன். அம்மாவுக்கு ஒரு முழங்கால் மாற்றியாகிவிட்டது, இன்னொன்று தள்ளிப்போட்டது. கருங்கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "லால்குடி வீட்டுத் திண்ணை இப்படித்தான் சில்லுனு இருக்கும்" என்றாள். வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் படுத்து எழுந்து போன திண்ணை அது. கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான ஸ்பானிஷ் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மொழி இல்லாமலே இரண்டு பேரும் முழங்காலைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். ஒரே குறை, கழிப்பறை. அதற்கு மட்டும் இன்னும் ஒரு ஹோட்டலுக்குள் தயங்கித் தயங்கித்தான் நுழைய வேண்டியிருந்தது. இத்தனை பேரை வரவழைக்கும் இடத்தில் அதையும் சேர்த்தே யோசித்திருக்க வேண்டும்.

அப்பா உட்காரவே இல்லை. 45ஆம் தெரு முனையில் கடிகாரத்தோடு நின்று சிக்னலை எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து நோட்டில் எழுதினார்.

"அடுத்த முனையையும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடட்டுமா?"

"மெதுவா போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா. "நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."