மொட்டை மாடியில் தெரியாத வெடிப்புகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், துறைமுக விளக்குகளின் வெளிச்சத்தை மீறிப் பத்துப் பன்னிரண்டு விண்மீன்கள் தெரிவதே அதிகம். அங்கே வளர்ந்த நான் வெடிக்கும் விண்மீன்களை ஆராய வந்ததற்குத் தொலைநோக்கியைவிடக் கணினிக்கே கடன்பட்டிருக்கிறேன்.

இயற்பியல் முதுகலை முடித்து ஆய்வில் சேர்ந்தபோது, சூப்பர்நோவாவை, அதாவது வெடிக்கும் விண்மீனை, நிறமாலையை (அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பதை) கொண்டே வகை பிரிப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். ஆனால், அமெரிக்காவின் பாலோமர் மலையிலிருந்து ஒரே படத்தில் 47 சதுர டிகிரி வானத்தைப் பிடிக்கும் ஸ்விக்கி (Zwicky) வான்கணிப்புக் கருவி போன்றவை வந்தபின், கண்ணில் படும் வெடிப்புகள் அனைத்துக்கும் நிறமாலை எடுக்கத் தொலைநோக்கி நேரம் போதாது. பெரும்பாலானவற்றுக்கு எஞ்சுவது ஒளிவளைவு, அதாவது நாளுக்கு நாள் வெளிச்சம் ஏறி இறங்கும் கணக்கு மட்டுமே. ஒன்று-ஏ (Ia) எனப்படும் சூப்பர்நோவா வகை வெடிப்பில் உருவாகும் நிக்கல்-56 சுமார் 6 நாளில் பாதியாகக் குறைந்து கோபால்ட்-56 ஆகவும், அது 77 நாளில் பாதியாகி இரும்பாகவும் மாறுவதால், இறங்கும் வேகத்திலேயே வகைக்கான தடயம் இருக்கிறது.

பைத்தான் கற்றுக்கொண்டு, 2018-இல் தரவு அறிவியல் போட்டிகள் நடக்கும் கேகிள் தளத்தில், ஒளிவளைவுகளை வகை பிரிக்க நடந்த 'பிளாஸ்டிக்' (PLAsTiCC) போட்டியின் தரவில் பழகினேன். வகை தெரிந்தவை ஏறத்தாழ 7,800. வகை பிரிக்க வேண்டியவை சுமார் 35 லட்சம். பயிற்சித் தரவில் பிரமாதமாகத் தேறிய என் நிரல், மங்கலானவற்றில் படுத்துவிட்டது. இரண்டு வாரம் நிரலிலேயே பிழை தேடினேன். கோளாறு தரவில் இருந்தது. பயிற்சிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அருகிலுள்ள, பிரகாசமான வெடிப்புகள். காசிமேட்டு ஏலத்தில் பெரிய வஞ்சிரத்தை மட்டும் காட்டிப் பழக்கிவிட்டு, கூடையில் கலந்து கிடக்கும் பொடிமீன்களை இனம் பிரிக்கச் சொன்ன கதைதான்.

போட்டியில் வென்ற கைல் பூன் இதைக் கையாண்ட விதத்தைப் படித்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது. அருகிலுள்ள வெடிப்பைக் கணக்கில் தொலைவுக்குத் தள்ள வேண்டும்: செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் தொலைவிலிருந்து வரும் ஒளி சிவப்பு நோக்கி நீளும் அளவு) 0.5 என்றால், 20 நாள் இறக்கம் நமக்கு 30 நாளாக நீள்கிறது; வெளிச்சத்தைக் குறைத்து, இரைச்சலைச் சேர்த்து, சில இரவுகளின் அளவீடுகளையும் நீக்க வேண்டும். அப்படி நான் உருவாக்கிய ஒரு வளைவில் பதினொரு புள்ளிகளே மிஞ்சின. நடுவே ஒரு வாரம் வெற்றிடம். அவ்விடத்தில் பொருத்திய கோட்டைச் சுற்றிலும் ஐயப்பட்டை, அதாவது கோடு எவ்வளவு தவறலாம் என்று காட்டும் பட்டை, புடைத்து நின்றது. படம் அழகாக இல்லையென்று அந்தப் பட்டையை முன்பு நீக்கிவந்தவன் நான். அதையும் நிரலுக்கு உள்ளீடாகக் கொடுத்த பிறகே மங்கலானவை பிடிபடத் தொடங்கின. பிரகாசமானவற்றில் மதிப்பெண் சற்றுக் குறைந்தது. வழிகாட்டி அதைப் பொருட்படுத்தவில்லை.