மூன்றாம் பாட்டு

நவம்பர் 4
சாலிகிராமம். ஒலிப்பதிவு அறை காலை ஒன்பதிலிருந்து எங்களுடையது என்றார்கள். பத்தே முக்காலுக்குத்தான் சாவி வந்தது. ஈரக்காற்றில் ஸ்னேர் டிரம்மின் தோல் தளர்ந்து, நனைந்த பாயைத் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. பாட்டுக்குப் பாட்டு முறுக்கினோம்.

நவம்பர் 5
பாடகன் குரலில் கரகரப்பு. இல்லை என்கிறான்.

நவம்பர் 7
1963 பிப்ரவரி 11 மண்டையை விட்டுப் போக மறுக்கிறது. பீட்டில்ஸ் முதல் ஆல்பத்துக்காக அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஜான் லெனனுக்குச் சளி. தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். முதல் டேக்தான் ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டாவதற்குக் குரல் மிஞ்சவில்லை. எங்களுக்கு இது நான்காவது நாள், உருப்படியாக ஒரு பாட்டு. அவர்கள் ஹாம்பர்க்கில் இரவிரவாக வாசித்துப் பழகியவர்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். நாங்கள் மேடையேறியது ஏழு முறை. அதில் ஒன்று கல்யாண வரவேற்பு.

நவம்பர் 8
சுக்குக் கஷாயம். பலனில்லை.

நவம்பர் 11
என் கிட்டாரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். மின்சாரத்தின் முனகல். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் அதை ஆன்டெனாபோல் இழுத்துக்கொள்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பினால் குறைகிறது. ஆகவே மூன்றாம் பாட்டை எல்லோருக்கும் முதுகு காட்டியே வாசித்தேன். டிரம்மர் "கோபமா?" என்றான். இல்லை என்றேன். கோபம்தான். குரலுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 700 ரூபாய்.

நவம்பர் 12
மழை. தகரக் கூரை. ஒன்றும் பதிவாகவில்லை.

நவம்பர் 19
பாடிவிட்டான்! மூன்றாம் பாட்டின் கடைசி வரியில் குரல் உடைகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாம் டேக் சுத்தம், ஆனால் உயிரில்லை. முதலாவதே இருக்கட்டும் என்றேன். பதில் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். பின்னணியில் என் இரைச்சலும் இருக்கிறது. கேட்பது நான் மட்டும்தானா?

நவம்பர் 27
டிசம்பர் 20, வெள்ளி. 2015 ஜூலையிலிருந்து உலகமெங்கும் புதிய ஆல்பங்கள் வெள்ளியில்தான் வருகின்றன. அப்பா ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்று எச்சரித்தார். நள்ளிரவில் வருகிறது என்றதும் காலண்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கோப்புகளைப் பாடகனே ஏற்றிவிடுவதாகச் சொன்னான். நல்லதாயிற்று, எனக்குத் தலைவலி.

டிசம்பர் 20, நள்ளிரவு 12.07
வந்துவிட்டது. நேரே மூன்றாம் பாட்டு. இரைச்சல் அப்படியே இருக்கிறது. கடைசி வரி உடையவில்லை. மறுபடி போட்டேன். உடையவில்லை.

டிசம்பர் 21
போனை எடுக்க மறுக்கிறான்.