வெள்ளவத்தை வெக்கையில் உப்புத் தண்ணீர்த் தொட்டி

"கடல் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே, ரெண்டு கேன் அள்ளிக்கொண்டு வந்தா என்ன?" கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கடல்மீன் தொட்டி வைப்பவரிடம் எல்லாரும் கேட்பது இதுதான். அள்ளலாம். ஆனால் நகரத்து வாய்க்கால் தண்ணீரும் அதே கடலில்தான் விழுகிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கரையே கலங்கிக் கிடக்கும். அதனால் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புப் பொடியும், ஆர்.ஓ. ஃபில்டரில் உப்பும் அழுக்கும் நீக்கிய தண்ணீரும்தான். நூறு லீற்றருக்கு மூன்றரை, நாலு கிலோ உப்பு. வாளியில் பம்ப் போட்டு இரவு முழுக்கச் சுழலவிட்டு, அடர்த்தி (உப்பில்லாத தண்ணீருக்கு 1) 1.025 வந்ததும் தொட்டிக்குள்.

கல்லும் கடையில் வாங்கிய செயற்கைக் கல்தான். கடற்கரையில் முருகைக்கல் (பவளக்கல்) எடுக்க நாட்டில் தடை.

உப்பு சுலபம். சூடுதான் உயிரை வாங்குகிறது. குளிர் நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகள் எல்லாம் ஹீற்றரில் தொடங்கும். இங்கே அறையே மத்தியானம் 31 பாகை. லைட்டும் பம்பும் சேர்ந்தால் தண்ணீரும் அங்கேயே போய் நிற்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும், மீனுக்கோ அந்த நேரத்தில்தான் அதிகம் தேவை. தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் வாங்கலாம், ஆனால் அது தண்ணீரில் எடுத்த சூட்டை அதே அறைக்குள்தான் கொட்டும். கரண்ட் பில் வேறு.

எனவே மூடியைக் கழற்றிவிட்டு வலை போட்டேன் (இந்த மீன்கள் துள்ளும்). கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன ஃபேன் இரண்டைத் தண்ணீரின் மேல் சாய்வாக ஊதவிட்டேன். ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் கொண்டுபோகும். வெயில் நாளில் இரண்டு பாகைக்கு மேல் இறங்கியது. மழைக்கு முன் புழுங்கும் நாளில், கொடியில் போட்ட துணி காயாதபோது, ஒரு பாகை இறங்கினாலே பெரிய விஷயம். லைட்டை நாலு மணிக்குப் பிறகுதான் போடுகிறேன்; வேலையால் வரும்போது மீனையும் பார்க்கலாம்.

ஃபேன் போட்டதும் அடுத்த வேலை வந்துவிட்டது. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. கவனிக்காவிட்டால் அடர்த்தி 1.027ஐத் தாண்டும். கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, தினமும் காலையில் அதுவரை உப்புப் போடாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். விளிம்பிலும் வயரிலும் வெள்ளையாக உப்பு பூக்கும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விடுவது முக்கியம், இல்லாவிட்டால் வடியும் தண்ணீர் நேரே பிளக்குக்குள் போகும்.

மீன் கழிவில் வரும் நச்சு அமோனியாவை மாற்றும் பற்றீரியா வளர, மீன் விடுமுன் ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட்டேன். அமோனியா ஏறி, நைத்திரைற்றாகி, கடைசியில் நைத்திரேற்றாக மாறி முடிய ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. "இறால் விக்கிற விலைக்கு இதையா செய்வாய்?" என்றார் அம்மா.

இப்போது இரண்டு கோமாளி மீன்கள். இவை எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும், சோடியில் ஆதிக்கம் பிடிப்பது பெண்ணாகிவிடும். எங்கள் வீட்டில் எது அது என்று இன்னும் தெரியவில்லை, இரண்டும் முறைத்துக்கொள்கின்றன. மணலில் மண்ணிறப் பாசி படிந்திருக்கிறது. புதுத் தொட்டியில் வருவதுதான், தானாகப் போகும். 2022 மின்வெட்டை மறக்காததால் பற்றரி ஏர் பம்ப் ஒன்றும் அலுமாரியில் தயார்.

தொட்டியில் பவளம் எப்போது வளர்ப்பாய் என்று கேட்கிறார்கள். சித்திரை வெக்கையில் இந்த ஃபேன்கள் தண்ணீரை 28க்குக் கீழே வைத்தால் பார்க்கலாம். இல்லையென்றால் சில்லருக்குக் காசு சேர்க்க வேண்டியதுதான்.