ஏற்காட்டு உலையும் சேலத்து உலையும்: ஒரு சமையல் நாட்குறிப்பு

6 ஜனவரி 2025, திங்கள். ஏற்காடு

கொள்ளு வேகவில்லை. சேலத்தில் 15 நிமிடத்தில் விரலுக்கு நசுங்கும் அதே கொள்ளு, அதே குக்கர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும் பல்லில் கடிபடுகிறது. சரக்கு பழசு என்று கடைக்காரரைத் திட்ட வேண்டியதில்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். கீழே 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், மேலே 95லேயே தளதளவென்று கொதித்துவிடும். கண்ணுக்குக் கொதி தெரிகிறது, பருப்புக்கு அந்தச் சூடு போதவில்லை. அடுப்பைக் கூட்டி வைத்தாலும் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும்.

குக்கரில் வித்தியாசம் குறைவு, ஆனால் உண்டு. வெயிட் போட்ட குக்கருக்குள் சேலத்தில் 120 டிகிரி என்றால் இங்கே 118 வரும். அதற்கு ஈடாக நேரத்தை ஆறில் ஒரு பங்காவது கூட்ட வேண்டும். விசிலை எண்ணுவதை விடுங்கள். தீ, தண்ணீர், ரப்பர் எல்லாவற்றையும் பொறுத்து விசில் மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதிலிருந்து கடிகாரம் பாருங்கள். ஊறிய கொள்ளுக்குக் கீழே 15 நிமிடம், மேலே 18 முதல் 20. அரை மணி ஊறிய துவரம்பருப்புக்குக் கீழே 8, மேலே 10.

கொள்ளு ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு. 10 மணி நேரம் ஊறியதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவி, புதுத் தண்ணீரில் வேக வைக்க வேண்டும். தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தை உப்பு ஓரளவு விலக்கிவிடுவதால் தோல் சீக்கிரம் இளகும். போர்த் தண்ணீரில் பருப்பு வேகாமல் அடம் பிடிப்பதும் இதே கால்சியத்தால்தான். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகே சேர வேண்டும். சோடா உப்பு போட்டால் சட்டென்று வேகும், ஆனால் பி1 வைட்டமின் அதோடு போகும்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியை நம்பி, கொள்ளுத் தண்ணீரில் ரசம் வைத்துக் குடித்துவிட்டுப் பயறை மாட்டுக்கு வைக்கிற வீடுகள் உண்டு. புரதமும் நாரும் பெரும்பகுதி பயறில்தான் நிற்கின்றன. மாடு கொடுத்து வைத்தது.

8 ஜனவரி, புதன். ஏற்காடு

சாமை இட்லி மாவு. சாமை 300 கிராம், இட்லி அரிசி 100, தோல் நீக்கிய முழு உளுந்து 100, வெந்தயம் 1 டீஸ்பூன். அரிசியே இல்லாமலும் செய்யலாம். ஆனால் இட்லி ஆறியதும் பொலபொலவென்று உதிரும், 100 கிராம் அரிசி அதைப் பிடித்து நிறுத்தும். கீழே 4 மணி நேரம் ஊறினால் போதும், இங்கே 6.

உளுந்தைத் தனியாக அரைக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுவரை கிரைண்டர் ஓடட்டும். மூழ்கினால் காற்று சேரவில்லை என்று பொருள். மிக்ஸியில் அரைப்பவர்கள் சேலத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் மாவு சூடாகாது. இங்கே ஜனவரியில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

காலை 5 மணிக்கு அடுப்படியில் 14 டிகிரி. முந்தின இரவு மூடி வைத்த மாவு அப்படியே கிடந்தது. நுரை இல்லை, மணம் இல்லை. மாவு கெட்டுப்போகவில்லை, அதற்குள் இருக்கும் நுண்ணுயிர் குளிரில் சுருண்டு கிடக்கிறது. 26 முதல் 30 டிகிரி கிடைத்தால் 10 மணி நேரத்தில் பொங்கிவிடும். அகலமான அண்டாவில் 45 டிகிரித் தண்ணீர் ஊற்றி, நடுவில் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே கம்பளி போட வேண்டும். படுக்கப் போகுமுன் தண்ணீரை ஒரு தடவை மாற்றினால் 14 மணி நேரத்தில் மாவு ஒன்றே முக்கால் மடங்கு எழும்பும். அவசரப்பட்டுக் கொதிக்கிற தண்ணீரை அண்டாவில் ஊற்றக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் மாவு வெந்து கட்டியாகும், அங்கிருக்கும் நுண்ணுயிரும் செத்துப்போகும், நடுவில் மட்டும் அரைகுறையாகப் புளிக்கும்.

உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். அதனால் மேலே மாவு பொங்கிய பிறகு உப்பு, கீழே கோடையில் அரைத்த கையோடு உப்பு. ஆவியும் இங்கே 95 டிகிரிதான் என்பதால் இட்லிக்கு 10 நிமிடம் போதாது. 13 வைக்கவும்.

19 ஜனவரி, ஞாயிறு. சேலம்

லீ பஜாரில் சாமை. வெள்ளை வெளேரென்று இருப்பது தவிடு போகத் தீட்டியது. லேசாகச் சாம்பலோ பழுப்போ கலந்த நிறம் இருந்து, கையில் அள்ளித் தேய்த்தால் மெல்லிய தூள் ஒட்ட வேண்டும். தவிட்டோடு இருப்பது இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், அரைக் கிலோவுக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

தீட்டிய சாமைக்கும் பச்சரிசிக்கும் சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. "சிறுதானியம்தானே" என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் அரிசியே தேவலை. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குப் பச்சையாக 50 கிராம், வெந்தால் 150 கிராம் சுமார் வரும். சமைத்த பிறகு கண்ணால் அளக்க முடியாது, உலையில் போடும்போதே நிறுத்துவிட வேண்டும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்போ முட்டையோ, மிச்சக் கால்தான் சாமைச் சோற்றுக்கு.

3 பிப்ரவரி, திங்கள். சேலம், பிறகு ஏற்காடு

ராகியை முளை கட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாக. முளை கட்டினால் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். எதற்கு நல்லது, எதற்கு ஆகாது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அரிசியில் 10ஐ எட்டாது. ஆனால் ராகியிலேயே இருக்கும் பைட்டேட் அந்தக் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறலும் முளையும் பைட்டேட்டைக் குறைக்கும். கட்டுவதற்குக் காரணம் இதுதான்.

அரைக் கிலோ ராகியை நாலைந்து தண்ணீரில் அலசி, கல் அரித்து எடுக்கவும். 10 மணி நேரம் ஊறல். வடித்து, வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் தொங்க விடவும். சேலத்தில் ஒரு நாளில் முளை தலைகாட்டும், ஏற்காட்டில் இரண்டு நாள் ஆகும். 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை மூட்டையோடு தண்ணீரில் முக்கி வடிய விட வேண்டும். சேலத்து வெயிலில் இதைத் தவற விட்டால் மூட்டையின் நடுவில் சூடேறிக் கொழகொழப்பு வரும். புளித்த நாற்றமோ பூஞ்சையோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடவும். கழுவிக் காய வைத்துக் காப்பாற்றலாம் என்று பார்க்க வேண்டாம்.

முளை 2, 3 மில்லிமீட்டர் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நீள விட்டால் தானியத்தின் மாவுச்சத்தைத் தின்றுதான் அது வளரும், மாவும் கசக்கும். நிழலில் காய வைத்து, கையால் தேய்த்து வேர் உதிர்த்து, வாணலியில் சிறு தீயில் மணம் லேசாக எழும் வரை மட்டும் புரட்டவும். கருக வறுத்தால் முளையில் பிறந்த அமைலேஸ் நொதி வீணாகும்.

அந்த நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி நீர்த்துக்கொள்ளும். சாதா ராகி மாவு 2 டேபிள்ஸ்பூன் போட்டால் கூழாகக் கெட்டிப்படுகிற தண்ணீரில், முளைகட்டிய மாவு 3 போட்டாலும் குடிக்கிற பதத்தில் நிற்கும். 6 மாதம் கடந்த குழந்தைக்கும், மெல்ல முடியாத பெரியவர்களுக்கும் இது வரம். சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும். அதே காரணத்தால் சர்க்கரை நோயாளிக்கு இந்தக் கஞ்சி சரிப்படாது. பாதி செரித்த மாவு, அதையும் மெல்லாமல் குடிப்பது, சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். அவர்களுக்குக் களிதான்.

களிக்கு முளைகட்டிய மாவைப் போடாதீர்கள். எவ்வளவு கிண்டினாலும் உருண்டை நிற்காது, தட்டில் பரந்து உட்காரும். மாவு கலப்படம் என்ற சந்தேகம் பாதி நேரம் இதனால்தான் வருகிறது. சாதா மாவு 200 கிராம், நொய்யரிசி 40, தண்ணீர் அரை லிட்டரும் ஒரு கையளவும். நொய் குழைந்ததும் மாவை நடுவில் குவித்து, கட்டையால் ஒரு குழி போட்டு, மூடி, சிறு தீயில் 8 நிமிடம். ஏற்காட்டில் 10. அந்நேரம் கிளறக் கூடாது. ஆவி மாவுக்குள் ஊடுருவ வேண்டும், முன்கூட்டிக் கிளறினால் உள்ளே வேகாத மாவுக்கட்டி தங்கிவிடும். பிறகு கட்டையைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் அழுத்தி அழுத்திக் கிண்டவும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் பதம். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல். எலுமிச்சை பாதி பிழிந்தால் கீரையின் இரும்பு நன்றாகச் சேரும்.

16 பிப்ரவரி, ஞாயிறு. சேலம்

உப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூளுப்பு. நாலு பேர் வீட்டுக்கு 20 கிராம். காலையில் சின்ன டப்பாவில் 14 கிராம் நிறுத்து வைத்து, அன்றைய சமையல் முழுவதற்கும் அதிலிருந்தே எடுக்கவும். மிச்ச 6 ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், சாயங்காலத் தட்டுவடை செட் வழியாகத் தானாக வந்து சேரும். டப்பா மதியமே காலியானால் எந்தக் குழம்பில் போனது என்று அன்றைக்கே பிடித்துவிடலாம்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

9 மார்ச், ஞாயிறு. சேலம்

சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் விரதத்துக்கு லேசான ஆகாரம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. அது குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளிக்கிழங்கின், மாவுச்சத்து மட்டுமே. 100 கிராமில் புரதம் 1 கிராம்கூட இல்லை, நாரும் இல்லாத மாதிரிதான். சாப்பிடத்தான் வேண்டும் என்றால் 100 கிராம் ஜவ்வரிசிக்கு மலர வேகவைத்த பாசிப்பருப்பு 60 கிராம், வறுத்து உடைத்த நிலக்கடலை 40, கேரட்டும் பீன்ஸும் இரண்டு கை சேர்த்து உப்புமாவாகக் கிளறவும். ஊறல் தண்ணீர் ஜவ்வரிசியின் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும். முங்க ஊற்றினால் வாணலியில் பசையாகிவிடும்.

கிழங்காக வாங்கினால் மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த பட்டையையும் உரித்து, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேக வைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டவும். கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. கசக்கிற துண்டைத் துப்பிவிடுங்கள், குழம்பில் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டாம்.

22 ஏப்ரல், செவ்வாய். சேலம்

ஜனவரியில் 14 மணி நேரம் கெஞ்சிய மாவு இப்போது 5 மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிகிறது. இரவு 10 மணிக்கு அரைத்தால் விடிவதற்குள் புளித்துப்போகும். மாலையில் அரைத்து, படுக்குமுன் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடவும்.

கம்பங்கூழுக்கு மாவாக வாங்க வேண்டாம். கம்பில் சுமார் 5 சதம் கொழுப்பு. அரைபட்டதும் அதிலுள்ள நொதி கொழுப்பை உடைக்கத் தொடங்கும், இந்த வெயிலில் ஒரு வாரத்திலேயே கசப்பு தட்டும். முழுக் கம்பு வாங்கி, தண்ணீர் தெளித்துப் பிசறி 10 நிமிடம் விட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் புடைத்தால் தொலி பறக்கும். உடைத்த கம்பு 200 கிராம், தண்ணீர் 1 லிட்டர், அடி கனத்த பாத்திரத்தில் 25 நிமிடம். ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போட்டு மண்சட்டியில் வைக்கவும். காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம். உப்பு அப்போதுதான்.

பழைய சோற்றுக்கும் ஒரு வார்த்தை. மதியச் சோற்றை இரவு வரை குக்கரிலேயே மூடி வைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. வெதுவெதுப்பில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, திரும்பச் சுட வைத்தாலும் அழியாது. வடித்ததும் தாம்பாளத்தில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

27 ஏப்ரல், ஞாயிறு. ஏற்காடு

களியோ கீரையோ சாப்பிட்ட கையோடு காபி வேண்டாம். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் போகட்டும். தோட்டத்துக் காபியானாலும் இதே விதிதான்.

11 மே, ஞாயிறு. சேலம்

மல்கோவா வந்துவிட்டது. 100 கிராம் சதையில் சர்க்கரை சுமார் 14 கிராம், ஒரு முழுப் பழமோ அரைக் கிலோவைத் தாண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு 80 முதல் 100 கிராம், அதுவும் சோறு குறைத்த வேளையில், துண்டாக. ஜூஸ் வேண்டாம். வெட்டி நிறுத்து வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று கொட்டையைச் சப்புவதும் கணக்கில் உண்டு. ஒரு பெரிய கொட்டையைச் சுற்றி 40 கிராம் சதையாவது ஒட்டியிருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் சப்புவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்க்கலாம்.